மொய் வேண்டாம் என்று பத்திரிகையில் அச்சிடலாமா?

கேள்வி: என் சொந்த ஊர் பேராவூரணிக்கு அருகே ஒரு கிராமம். 28 ஆண்டுகளாகச் சென்னையில் வேலை பார்க்கிறேன். வரும் தை மாதம் என் மகளுக்கு ஊரில் திருமணமும், அடுத்த வாரம் சென்னையில் வரவேற்பும் வைத்திருக்கிறோம். மொய் வாங்கும் பழக்கத்தில் எனக்கு விருப்பமில்லை. ‘அன்பளிப்பைத் தவிர்க்கவும்’ என்று பத்திரிகையில் அச்சிடலாம் என்றேன். அன்றிலிருந்து அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. 2 ஆண்டுகளுக்கு முன் இறந்த அப்பா 4 மொய் நோட்டுகளை விட்டுச் சென்றிருக்கிறார். அவை 1994 (அக்கா திருமணம்), 1999 (என் திருமணம்), 2009 (தம்பி பிள்ளைகளின் காதணி விழா), 2017 (மொய் திரட்டவென்றே ஆடி மாதத்தில் வைத்த மொய் விருந்து) ஆகியவற்றுக்கானவை. மொய் விருந்தில் வந்தது 7.50 லட்சம் ரூபாய். அதில் 3 லட்சத்தை நான் வீடு வாங்க முன்பணமாகக் கொடுத்தார்; மீதி, தம்பி விவசாயம் பார்க்கும் நிலத்தில் ஆழ்துளைக் கிணற்றுக்கும் பிற செலவுகளுக்கும் போயிற்று. அப்பா இருக்கும்வரை 3.20 லட்சம் திருப்பிச் செய்திருக்கிறார்; அதன்பின் தம்பி 70,000 செய்திருக்கிறான். ‘மிச்சத்தில் பாதி அண்ணன் பொறுப்பு’ என்கிறான். இவற்றையெல்லாம் திருப்பிச் செய்ய நான் கடமைப்பட்டவனா? மொய்ப் பணத்துக்கு வருமான வரி உண்டா? 1994ஆம் ஆண்டு நோட்டின் ஒரு பக்கத்தை நகலெடுத்து இணைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

வரியைப் பற்றி மட்டும் கேட்டிருந்தால் அரைப் பக்கத்தில் பதில் எழுதியிருப்பேன். நீங்கள் அனுப்பிய நகல்தான் என்னை உட்காரவைத்துவிட்டது. புதுக்கோட்டையில் ஆடிட்டராக இருப்பதால் ஆடி, ஆவணி மாதங்களில் என் மேசைக்கு வரவுசெலவுப் பேரேடுகளைவிட மொய் நோட்டுகளே அதிகம் வருகின்றன. ஆனாலும் இவ்வளவு ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட ஒரு பக்கத்தைப் பார்த்து நாளாயிற்று.

மூலைகளில் தடவிய மஞ்சள், நகலில் கறுப்புத் திட்டாக விழுந்திருக்கிறது. மேலே பிள்ளையார் சுழி. அதன்கீழ் முன்பக்கத்திலிருந்து கொண்டுவந்த கூட்டுத்தொகை. பிறகு ஊர், பெயர், தொகை என்று 19 வரிகள். பெரும்பாலும் 21, 51. ஒரே ஒரு 101. கறுப்பு மையில் எழுதியவர் அன்று மொய் எழுத உட்கார்ந்த யாரோ ஒருவர். ஆனால் 14 பெயர்களுக்கு எதிரே சிவப்பு மையில் ‘செய்தாச்சு’ என்றும் ஓர் ஆண்டும் எழுதியிருப்பது உங்கள் அப்பாவின் கையெழுத்தாகத்தான் இருக்க வேண்டும். முதலாவது 1995, கடைசியானது 2019. மீதி 5 வரிகளில் எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிறது. அவற்றுள் ஒன்று, கீரமங்கலம் பூக்கடைப் பெண்மணி ஒருவர் எழுதிய 51 ரூபாய்.

இந்த நோட்டை நீங்கள் அன்பளிப்புப் பட்டியலாகப் பார்க்கிறீர்கள். உங்கள் அப்பா அப்படிப் பார்க்கவில்லை. ஒரு நிறுவனத்தின் ஐந்தொகையில் பொறுப்புகள் என்று ஒரு பக்கமும் சொத்துகள் என்று ஒரு பக்கமும் இருக்கும் அல்லவா? டிரங்குப் பெட்டியில் இருக்கும் 4 நோட்டுகளும் பொறுப்புகளின் பக்கம் மட்டுமே. சொத்துகளின் பக்கம், அதாவது உங்கள் பெற்றோர் ஊர் ஊராகச் சென்று செய்துவிட்டு வந்த மொய், உங்கள் வீட்டில் எங்கு தேடினாலும் கிடைக்காது. அது வடகாட்டிலும் குளமங்கலத்திலும் கீரமங்கலத்திலும் பிறர் வீட்டுப் பெட்டிகளில், பிறருடைய கையெழுத்தில் இருக்கிறது. சிலர் தாங்கள் செய்ததையும் தனியே குறித்துவைப்பார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு குறிப்பு இல்லையென்றால், அந்தக் கணக்கு முழுவதும் உங்கள் அம்மாவின் நினைவில்தான் இருக்கும். கைச்செலவைச் சுருக்கிச் சேர்த்த பணத்தைக் கவரில் போட்டுக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் போய்வந்தவர் அவர். ‘தவிர்க்கவும்’ என்ற ஒரு சொல்லில் நீங்கள் அந்தக் கணக்கை ஒரேயடியாகத் தள்ளுபடி செய்யப் பார்க்கிறீர்கள். தள்ளுபடி செய்ய அது உங்கள் பணமும் அல்ல. அவர் பேசாமல் இருப்பதற்கு எனக்குக் காரணம் விளங்குகிறது.

அம்மாவின் வருத்தம் ஒருபுறம் இருக்க, திருப்பிச் செய்ய வேண்டியவர்களின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். உங்கள் அப்பா செய்த மொய்யை வாங்கி வீட்டை ஒப்பேற்றியவர்கள், இந்தக் குடும்பத்தில் அடுத்த விசேஷம் எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். அவர்களிடம் பத்திரிகையை நீட்டி, அதிலேயே ‘உங்கள் கடனைத் தீர்க்க அனுமதி இல்லை’ என்றும் சொல்வதாக ஆகிவிடும். அறந்தாங்கிப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் மகன் திருமணத்துக்கு இப்படி அச்சிட்டார். மொய் எழுத மேசையும் போடவில்லை. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுச் சும்மா போகவில்லை. தாம்பாளத்துப் பழத்துக்கு அடியிலும், மணமகனின் சட்டைப் பையிலும், சமையல்காரரிடம் சொல்லிவைத்தும் கவர்களை விட்டுச் சென்றார்கள். பாதிக் கவர்களில் பெயர் இல்லை. யார் எவ்வளவு செய்தார்கள் என்பது தெரியாமல் அவர் 2 ஆண்டுகள் பட்ட அவஸ்தையை நான் அருகிலிருந்து பார்த்தேன். எழுதப்படாத மொய்யைப்போல் மனிதனைத் தூங்கவிடாத கடன் வேறில்லை.

சீருக்கும் மொய்க்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சொல்லிவிட வேண்டும். பிறந்த வீட்டுச் சீரும் தாய்மாமன் சீரும் உறவு முறையால் வருவன. அவற்றின் போக்கு பெரும்பாலும் ஒரு திசையிலேயே இருக்கும். மொய் அப்படியல்ல. தேனீ மொய்ப்பது, கூட்டம் மொய்ப்பது என்கிறோமே, அதே சொல்தான். பலர் கூடி ஒருவர் கையை நிறைத்துவிட்டு, அடுத்தவர் வீட்டுக்குச் செல்வது. 100 என்று முடித்துவிடாமல் 101 என்று ஒரு ரூபாயைச் சேர்த்து வைப்பதும், கணக்கு முடியாமல் தொடர வேண்டும் என்பதற்குத்தான். அந்த ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டியே இப்போது கவர்கள் விற்கிறார்கள். இந்த ஏற்பாட்டைப் பழமை என்று ஒதுக்குவது சென்னையில் எளிது. வங்கிக் கடன் கிடைக்காத சிறு விவசாயிக்கு ஒரே நாளில் வட்டியில்லாமல் சில லட்சங்களைத் திரட்டித் தந்த வேறு ஏற்பாடு நம் பகுதியில் இருந்ததில்லை. அதில் உள்ள கொடுமையையும் நான் மறைக்கவில்லை. திருப்பிச் செய்வதற்காகக் கம்மலை அடகு வைத்தவர்களையும், அதைச் செய்ய முடியாமல் ஊர் விசேஷங்களுக்கே போகாமல் ஒதுங்கியவர்களையும் எனக்குத் தெரியும். ஆகவே இந்தப் பழக்கத்திலிருந்து விலக வேண்டும் என்ற உங்கள் எண்ணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கணக்கைத் தீர்த்துவிட்டு விலகுங்கள் என்பதே என் ஆலோசனை.

சட்டப்படி கடமைப்பட்டவனா என்று கேட்கிறீர்கள். இல்லை. மொய்யைக் கடன் என்றே வைத்துக்கொண்டாலும், பணக் கடனை வசூலிக்க வழக்குப் போடுவதற்கான பொதுவான கால வரம்பு 3 ஆண்டுகள்தான். தந்தையின் கடனை மகன் அடைப்பது புண்ணியக் கடமை என்று நீதிமன்றங்கள் ஒரு காலத்தில் ஏற்றுக்கொண்டிருந்தன. 2005ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், அதன்பின் ஏற்பட்ட கடன்களைப் பொறுத்தவரை அந்தக் கொள்கையையும் எடுத்துவிட்டது. அதற்கு முந்தைய 1994, 1999 நோட்டுகளைக் கால வரம்பு எப்போதோ விழுங்கிவிட்டது. தந்தை விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்கு மட்டும் வாரிசுகள் அவருடைய கடனுக்குப் பொறுப்பாவார்கள் என்ற பொது விதி மிஞ்சுகிறது; ஆனால் மொய்க்காக அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போகிறவர் யாரும் இல்லை. எந்த நீதிமன்றமும் கேட்காத கடனை உங்கள் அப்பா 25 ஆண்டுகள் கழித்துத் திருப்பிச் செய்து, 2019 என்று சிவப்பு மையில் குறித்திருக்கிறார்.

முதலில் 2017ஆம் ஆண்டு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தொகையும் அதில்தான் பெரிது, அவசரமும் அதில்தான். மொய் விருந்தில் செய்தவர், ஏறக்குறைய 5 ஆண்டுகளில் தம் முறை வரும்போது அது திரும்பும் என்று நம்பிச் செய்கிறார். அந்த நோட்டு எழுதப்பட்ட மறு ஆண்டே, 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை, வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் உங்கள் பகுதித் தென்னந்தோப்புகளை அடியோடு சாய்த்தது. மூச்சுவிடுவதற்குள் 2020இல் கொரோனா வந்தது. அந்த ஆண்டுகளில் பலரால் விருந்து வைக்கவே முடியவில்லை. எனவே, 8 ஆண்டுகள் ஓடிவிட்டன, யாரும் கேட்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கேட்பதற்கு அவர்களுக்கு முறை வரவில்லை, அவ்வளவுதான்.

தம்பி கேட்கும் ‘பாதி’ சரியான கணக்கு அல்ல. அது உங்களுக்கும் அவருக்கும் பொருந்தும் விகிதமே அல்ல. மொத்தம் 7.50 லட்சத்தில் உங்களுக்கு வந்தது 3 லட்சம், நிலத்துக்குப் போனது 4.50 லட்சம். ஆகவே பொறுப்பு 2க்கு 3 என்ற விகிதத்தில் பிரிய வேண்டும். அப்பா இறக்கும்போது நின்ற பாக்கி 4.30 லட்சம். அதில் உங்கள் பங்கு 1.72 லட்சம், தம்பியின் பங்கு 2.58 லட்சம். அவர் ஏற்கெனவே செய்துவிட்ட 70,000ஐக் கழித்தால் அவருக்கு நிற்பது 1.88 லட்சம். ‘மிச்சத்தில் பாதி’ என்றால் உங்கள் தலையில் விழுவது 1.80 லட்சம், வித்தியாசம் 8,000தான். இந்த 8,000 ரூபாய்க்காகத் தம்பியிடம் என் கணக்கைக் காட்டி வாதாட வேண்டாம். இந்த 2 ஆண்டுகளாக ஒவ்வொரு பந்தலுக்கும் உங்கள் குடும்பத்தின் பெயரில் போய்வந்தவர் அவர். போக்குவரத்துச் செலவை அவர் எழுதிவைத்திருக்க மாட்டார். பாதி என்றே ஒப்புக்கொள்ளுங்கள். அந்தத் தொகையை ஊர் வங்கியில் இருவர் பெயரிலும் ஒரு கணக்கில் போட்டுவிடுங்கள். அழைப்பு வரவர அவர் எடுத்துச் சென்று செய்யட்டும். எழுதும்போது உங்கள் அப்பாவின் பெயரைச் சொல்லி, ‘மக்கள்’ என்று இருவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நாளைக்குப் பாகம் பிரிக்கும்போது எந்த வரவு யாருக்கு என்ற வழக்கு எழும். அப்படி நோட்டையும் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் பலர் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

1994, 1999 நோட்டுகளில் சிவப்பு மை விழாத பெயர்களுக்கு எவ்வளவு செய்வது? வாடிக்கையாளர் ஒருவர் வருமான வரித் துறையின் பணவீக்கக் குறியீட்டை வைத்து இதைக் கணக்கிட்டார். 2001-02க்கு 100 என்று வைத்தால் 2024-25க்கு 363. எனவே 2001இல் வந்த 101 ரூபாய்க்கு 366 ரூபாய் 63 காசு என்று கண்டுபிடித்து, 367ஐக் கவரில் போட்டுக் கொடுத்தார். மொய் எழுதியவர் அந்தத் தொகையை மைக்கில் இருமுறை வாசித்தார். மறுபக்கம், தங்கத்தை அளவுகோலாகக் கொள்வோரும் உண்டு: 1994இல் ஒரு கிராம் தங்கம் 500 ரூபாய்க்கும் குறைவு என்பதால் 51 ரூபாய் என்பது ஏறக்குறைய ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. இந்த இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தாராளமாக 2,001 என்று வைத்துவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். அதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. பழைய மொய்க்கு மேல் வைக்கும் தொகை புது மொய்யாகக் கணக்கிடப்பட்டு, அது அவர்கள் தலையில் ஏறும்; உங்கள் பெருந்தன்மை அவர்களுக்குச் சுமையாகிவிடும். ஆகவே அம்மா சொல்லும் தொகையை வையுங்கள். வைக்கும்போது ‘இது பழைய மொய்’ என்று வாய்விட்டுச் சொல்லி, அப்படியே எழுதவும் செய்யுங்கள். இனி விசேஷம் வைக்க வாய்ப்பில்லாத முதியவர்கள் இருப்பார்கள். கீரமங்கலத்துப் பெண்மணி உயிரோடிருந்தால், அம்மாவை அழைத்துக்கொண்டு நேரில் சென்று, வெற்றிலை பாக்கோடு ஒரு சேலையையும் பத்திரிகையையும் தட்டில் வைத்துக் கொடுங்கள். சேலையை யாரும் நோட்டில் ஏற்றுவதில்லை.

பத்திரிகையைப் பொறுத்தவரை, இரண்டு விதமாக அச்சிடுங்கள். சென்னை வரவேற்புக்கு வருபவர்கள் உங்கள் அலுவலகத்தாரும் அடுக்ககத்தாரும்; அவர்களுக்கும் உங்களுக்கும் இடையே நோட்டு எதுவும் கிடையாது. அந்தப் பத்திரிகையில் ‘அன்பளிப்பைத் தவிர்க்கவும்’ என்று தாராளமாகப் போடலாம். ஊர்ப் பத்திரிகையில் அந்த வரி வேண்டாம். பந்தலில் மேசை போட்டு, தம்பியையே நோட்டோடு உட்காரவைத்து, பழையது, புதியது என்று இரு பத்தியாக எழுதச் சொல்லுங்கள். பழையதை மறுக்காமல் வாங்குங்கள். அது உங்கள் அம்மாவின் வரவு. புது மொய்யோடு வருபவரிடம், ‘எங்கள் வீட்டில் இதற்குப் பிறகு விசேஷம் இல்லை, ஆசீர்வாதம் போதும்’ என்று அம்மாவைக்கொண்டு சொல்லவையுங்கள். அவர் சொன்னால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. அதையும் மீறி வைத்துவிட்டுப் போகிறவரை எழுதிக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி வரி. ஒருவர் ஓராண்டில் கைம்மாறு இன்றிப் பெறும் பணம் மொத்தமாக 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானமாகிவிடும். ஆனால் தமது திருமணத்தின்போது ஒருவர் பெறுவதற்கு, கொடுப்பவர் யாராக இருந்தாலும், வரி இல்லை. இங்கே ‘தமது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். விலக்கு மணமக்களுக்கு உரியது. பெண்ணின் தகப்பனாருக்கு உரியது என்று சட்டம் சொல்லவில்லை. வழக்கப்படியோ திருப்பிச் செய்ய வேண்டியவர் நீங்கள். இந்த முரணைச் சமாளிக்க வழி உண்டு. நோட்டின் முதல் பக்கத்தில் மணமக்கள் பெயரையும் திருமண நாளையும் எழுதி, தொகையை மகளின் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். பந்தல், சமையல் செலவுக்காக மகள் உங்களுக்குத் திருப்பித் தந்தால் அது மகளிடமிருந்து தந்தைக்கு வருவது. அதற்கும் வரி இல்லை. சேமிப்புக் கணக்கில் ஓராண்டில் 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகச் செலுத்தப்பட்டால் வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும். அதனால் பயப்பட வேண்டாம்; நோட்டு கையில் இருந்தால் போதும். ஒருவரிடமிருந்து ஒரே நிகழ்ச்சிக்காக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது மட்டும் கூடாது. வாங்கினால் அதே அளவு தொகை அபராதமாக வரலாம். கொடுப்பவர் சொந்த மாமனாக இருந்தாலும் இதுதான் விதி.

காதணி விழா, புதுமனைப் புகுவிழா, மொய் விருந்து ஆகியவற்றுக்குத் திருமண விலக்கு பொருந்தாது. அங்கே உறவினர் கொடுப்பது மட்டும் தப்பும். அதிலும் சட்டத்தின் உறவு முறை விசித்திரமானது. தாய்மாமன் மருமகனுக்குச் செய்தால் அவர் உறவினர். அதே மருமகன் வளர்ந்து மாமனின் வீட்டுப் புதுமனைக்குத் திருப்பிச் செய்தால் அவர் உறவினர் பட்டியலில் இல்லை. பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் எந்தப் பக்கத்திலிருந்தும் இல்லை. ‘மொய் என்பது கடன்தானே, வருமானம் ஆகாதே’ என்று வாதிட இடமுண்டு. ஆனால் கடன் என்று சொன்ன மறுகணமே, 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது என்ற வேறொரு விதி எதிரே வந்து நிற்கும். 2026 ஏப்ரல் 1 முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் இவற்றின் சாரம் மாறவில்லை. உங்கள் தம்பி மறுபடியும் மொய் விருந்து வைக்க நினைத்தால், பந்தக்கால் நடுவதற்கு முன்பே ஓர் ஆடிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து உங்களிடமும் தம்பியிடமும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அசல் அம்மாவிடமே இருக்கட்டும். பொங்கலுக்கு முன் ஒரு சனி, ஞாயிறு ஊருக்குப் போய், 2017ஆம் ஆண்டு நோட்டின் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பெயராக அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எதிரே எழுத வேண்டியதை அவர் சொல்லுவார். எழுதும் பேனா சிவப்பாக இருக்கட்டும்.